இருபத்தோரு அங்குலச் சக்கரமும் எழுபது கொண்டை ஊசி வளைவும்

என் அப்பா வண்டி பார்க்கிற விதமே வேறு. எல்லாரும் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்ப்பார்கள், அவர் நேராகப் பின் சக்கரத்துக்குப் போய் குத்த வைத்து உட்கார்ந்துவிடுவார். நாமக்கல்லில் முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியும் ஓட்ட விட்டும் பிழைத்தவர், அதனால் அவருக்கு வண்டி என்றால் டயர், அச்சு, பிரேக், அவ்வளவுதான், மற்றதெல்லாம் பெயின்ட்.

நான் அந்த நீல நிற பிஎம்டபிள்யூ எக்ஸ்5-ஐ வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கும் இதேதான் நடந்தது. அம்மா எலுமிச்சம்பழம் எடுக்கப் போனார், பக்கத்து வீட்டுப் பையன்கள் கிரில்லுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள், அப்பா பின்னால் உட்கார்ந்து டயர் பட்டனுக்கு நடுவில் கட்டைவிரல் நகத்தை விட்டு ஆழம் பார்த்தார். அப்புறம் பக்கவாட்டைத் தட்டினார். "ஏஞ்சாமி, டயருல ரப்பரே காணமே?" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

வாங்கியது பழைய வண்டி. 2021 மாடல், எக்ஸ்டிரைவ் 30டி, டீசல், ஓடியது முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். புதிது வாங்க எனக்கு வசதியும் இல்லை, மனசும் இல்லை, இந்த வகை வண்டிகள் முதல் மூன்று வருடத்தில் விலையில் இறங்குகிற வேகம் அப்படி. முதல் எக்ஸ்5 வந்தது 1999-இல். அதன் வெளித் தோற்றத்தை வரைந்தவர் ஃபிராங்க் ஸ்டீவன்சன். அப்போது லேண்ட் ரோவரும் அதே குழுமத்தில்தான் இருந்தது, அதனால் மலை இறக்கத்தில் வண்டி தானாகவே பிரேக் பிடித்து மெல்ல இறங்குகிற ஏற்பாடு அங்கிருந்துதான் இந்த வண்டிக்கு வந்தது. நான் வாங்கியது நான்காம் தலைமுறை, 2018-இல் காட்டி, 2019-இல் இந்தியாவுக்கு வந்த உருவம்.

சரி, அழகைப் பற்றிச் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும், நான் விழுந்ததே அதில்தான். இந்த வண்டியின் நீளம் 4.92 மீட்டர், அகலம் 2 மீட்டர், உயரம் கிட்டத்தட்ட 1.75 மீட்டர். இவ்வளவு பெரிய பெட்டியைக் கண்ணுக்குக் கனமில்லாமல் காட்டுவது லேசான வேலை இல்லை. அதற்கு வரைகிறவர்கள் செய்கிற முதல் வித்தை சக்கரத்தைப் பெரிதாக்குவது. சக்கரம் பெரிதானால் அதற்கு மேலே இருக்கிற தகடு சிறிதாகத் தெரியும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி குறைந்தால் வண்டி ரோட்டைக் கவ்விக்கொண்டு நிற்பது போல இருக்கும். விளம்பரப் படங்களில் எப்போதும் பெரிய சக்கரத்தோடுதான் வண்டி நிற்கும், கவனித்துப் பாருங்கள். என் வண்டிக்கு முன்பு வைத்திருந்தவர் 21 அங்குல அலாய் போட்டிருந்தார். முன்னால் 275/40, பின்னால் 315/35; முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது பக்கவாட்டு ரப்பரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. பின்னாலிருந்து பார்த்தால் அந்த அகல டயர் இரண்டும் பந்தயத்துக்கு நிற்கிற காளையின் பின்தொடை மாதிரி இருக்கும். கிரில்லைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு, எனக்குப் பிடிக்கும். உள்ளே இருக்கிற பட்டைகள் இஞ்சினுக்குக் காற்று வேண்டும்போது மட்டும் திறக்கும், மற்ற நேரம் மூடிக்கொள்ளும், பார்க்கப் பார்க்க மூச்சு விடுவது போல இருக்கும். டிக்கி இரண்டாகத் திறக்கும், கீழ்ப் பாதியில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். வாங்கிய முதல் மாதம் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

"எங்க கட்டினது?" என்று அப்பா கேட்டார். நாமக்கல் ஆள் வேறு எதைக் கேட்பார், ஊரில் பாதிப் பேர் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-இலிருந்து இவர்களுக்கு ஒரு ஆலை இருக்கிறது, பாகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து அங்கே பூட்டுகிறார்கள் என்று சொன்னேன். "அப்ப நம்ம பசங்க பூட்டினதுதான்" என்று எழுந்தார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

ஓட்டத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 265 குதிரைத் திறன், 620 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றுகிற முறுக்குவிசை, அதுவும் 2000 ஆர்.பி.எம். தொடங்கும்போதே முழுசாக வந்துவிடும். எங்கள் பத்துச் சக்கர லாரியின் டார்க்கே எழுநூறுக்குப் பக்கம்தான், அது லோடோடு இருபத்தெட்டு டன்னை இழுக்கிறது, இது தன்னுடைய இரண்டு டன் சொச்சத்தை மட்டும் இழுக்கிறது, அப்புறம் எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 6.5 விநாடியில் தொடும் என்று கம்பெனி சொல்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து அப்படி மிதித்தது மொத்தமே இரண்டு தடவை. தினசரி உதவுவது வேறு. கரூர் போகிற நாற்பத்து நான்காம் நெடுஞ்சாலையில் வலது லேனைப் பிடித்துக்கொண்டு அறுபதில் போகிற டேங்கர் ஒருவழியாக ஒதுங்கும்போது, அறுபதிலிருந்து நூறுக்கு எந்தச் சத்தமும் இல்லாமல் போய்விடும். எட்டு கியர் ஆட்டோமேட்டிக், எப்போது மாறியது என்றே தெரியாது.

அதில்தான் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. வேகம் உடம்புக்குத் தெரியாது. பழைய வண்டியில் தொண்ணூறுக்கு ஸ்டியரிங் நடுங்கி நமக்குச் சொல்லிவிடும், இதில் நூற்றிருபதும் எழுபது மாதிரி இருக்கும். ஆனால் நிறுத்தும்போது இரண்டு டன் இரண்டு டன்தான். முதல் வாரத்திலேயே வேகத்தை முன் கண்ணாடியிலேயே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு எண்ணுக்கு மேல் போனால் சத்தம் போடச் சொல்லி அலாரமும் வைத்தேன். யார் இந்த மாதிரி வண்டிக்கு மாறினாலும் முதல் நாளே அதைச் செய்யுங்கள்.

அப்புறம் கொல்லிமலை.

நாமக்கல்லில் புது வண்டி வாங்கினால் ஆஞ்சநேயருக்குப் பூஜை போட்டுவிட்டு அடுத்து கொல்லிமலைதான். சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம், அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்னால், அம்மாவும் மனைவியும் பின்னால். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கிற சமயம் அந்தப் பக்கம் பெரிய காரோடு போகாதீர்கள், மலை முழுக்க வண்டியாக இருக்கும். நாங்கள் அது முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போனோம்.

ஏற்றம் என்னமோ ஆனந்தம்தான். எழுபது வளைவிலும் வண்டி சாயவே இல்லை, நான்கு சக்கரத்துக்கும் விசை போவதால் உள்பக்கச் சக்கரம் வழுக்கி உறுமுகிற பேச்சே இல்லை, அம்மாவுக்கு வழக்கமாக வருகிற குமட்டல்கூட வரவில்லை. சுமார் இருபதாவது வளைவில் எனக்கு ஆசை முற்றி, ஸ்போர்ட் மோடைத் தட்டினேன். இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கையேட்டைப் படிக்கவில்லை: ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்குகிற ஏர் சஸ்பென்ஷன் இருக்கிற இந்த வண்டியில் ஸ்போர்ட் போட்டால் ஆக்சிலரேட்டரும் ஸ்டியரிங்கும் மட்டும் மாறுவதில்லை, வண்டியே 20 மில்லிமீட்டர் கீழே உட்கார்ந்துகொள்ளும். நல்ல ரோட்டுக்கு அது சரி. கல் பெயர்ந்து கிடக்கிற மலை ரோட்டில் நான் அதை வைத்துக்கொண்டு போனேன்.

ஐம்பதைத் தாண்டி ஒரு வளைவு. மேலிருந்து அரசுப் பேருந்து இறங்கியது. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது விதி, ஆனால் பேருந்து ஏற்கெனவே வளைவுக்குள் வந்துவிட்டால் விதியைப் பேசிக்கொண்டு நிற்க முடியாது. இடது பக்கம் ஒதுக்கினேன். நமக்கு ஓட்டுநர் இருக்கையிலிருந்து பானெட் முழுசாகத் தெரியும், அதனால் அகலம் கைவசம் இருப்பதாக ஒரு நினைப்பு. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் இது 2.2 மீட்டருக்கு மேல், எங்கள் லாரியின் அகலமே இரண்டரை மீட்டர்தான். முன் சக்கரம் தப்பியது. அகலமான பின் சக்கரம், உடைந்து பல் மாதிரி நின்ற தார் விளிம்பில் ஏறி இறங்கியது. 'டப்' என்று ஒரே சத்தம். அப்பா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. காற்றழுத்தம் நான்கிலும் சரியாக இருந்தது. நான் நிம்மதியாகச் செம்மேடு போய் டீக்கடை முன்னால் நிறுத்தினேன். அப்பா இறங்கியதும் நேராகப் பின் இடது சக்கரத்துக்குப் போனார். டயரின் பக்கவாட்டில், அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம்.

காற்றழுத்தத்தைக் காட்டுகிற சென்சார் காற்று குறைந்தால்தான் கத்தும். பக்கவாட்டுக்குள்ளே இருக்கிற இழை அறுந்து டயர் வீங்கி நிற்கும்போது காற்று அப்படியேதான் இருக்கும், அதனால் அது வாயே திறக்காது. பள்ளத்தில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் திரையை நம்பாமல் இறங்கிக் கையால் தடவிப் பாருங்கள், வெளிப்பக்கம் மட்டுமில்லை, உள்பக்கமும்.

என்னிடம் இருந்தது ரன்-ஃப்ளாட் டயர், ஸ்டெப்னி கிடையாது. காற்று போனாலும் எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் எண்பது கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்பார்கள், அதை வைத்து "மெதுவா இறங்கிடலாங்கப்பா" என்றேன். அப்பா டீயை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "காத்து போனா அந்தப் பக்கச் சுவருதான தாங்கோணும்? இப்ப அறுந்ததே அதுதான கண்ணு?" என்றார். எனக்குப் பதில் இல்லை. எழுபது வளைவு இறக்கத்தில் குடும்பத்தோடு அந்தப் பரீட்சை வேண்டாம் என்று, டீக்கடைக்காரர் அண்ணனிடம் கேட்டு அவர் வீட்டுக் களத்தில் பலாமரத்துக்குக் கீழே வண்டியை விட்டுவிட்டு, நால்வரும் பேருந்தில் இறங்கினோம்.

டயர் ஊர் நாமக்கல். லாரி டயர், டிராக்டர் டயர், ரிக் வண்டி டயர், ரீபட்டன் பண்ணிய டயர், எதைக் கேட்டாலும் அரை மணி நேரத்தில் கிடைக்கும் ஊர். 315/35 ஆர்21 கேட்டேன், ஒரு கடைக்காரர் என்னிடமே திருப்பிக் கேட்டார், "இது டயர் நம்பருங்களா, இல்ல போன் நம்பருங்களா?" கடைசியில் கோயம்புத்தூரில் ஆர்டர் கொடுத்து வெளியூரிலிருந்து வர இரண்டு நாள். ஒரு டயர் அரை லட்சத்துக்கு மேல். எங்கள் லாரிக்கு அந்தக் காசில் இரண்டு டயர் போடலாம். அதோடு முடியவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று போட்டால் சுற்றளவு வித்தியாசப்படும், விசையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துச் சமாளித்தே வீணாகும், எனவே ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து அப்பாவிடம் சொன்னேன். "வாஸ்தவந்தான்" என்றார். லாரியில் பின்னால் இரட்டை டயர், ஒன்று உயரம் ஒன்று குள்ளமாக இருந்தால் குள்ளமானது ரோட்டில் இழுபட்டே தேயும், இது எந்தக் கிளீனருக்கும் தெரியும் என்றார். இரண்டு டயர் வாங்கினேன். இன்சூரன்ஸைக் கேட்டுப் பார்த்தேன். வண்டிக்கும் சேர்ந்து சேதம் ஆகியிருந்தால்தான் டயருக்குக் கொடுப்பார்களாம், அதுவும் பாதிதான். டயருக்கென்று தனியாக ஒரு கவர் இருக்கிறது, அதற்கு நான் பணம் கட்டியிருக்கவில்லை. இப்போது கட்டுகிறேன்.

செம்மேட்டில் அதை மாட்டியது இன்னொரு கூத்து. ஏர் சஸ்பென்ஷன் வண்டியை ஜாக்கியில் தூக்கினால், ஒரு பக்கம் உயர்ந்துவிட்டதே என்று அது தானாகச் சரிசெய்யப் பார்க்கும், அதனால் தூக்குவதற்கு முன் அதை நிறுத்தி வைக்க வேண்டும், எப்படி என்பது கையேட்டில் இருக்கிறது, இந்தத் தடவை படித்துவிட்டுப் போனேன். எங்கள் லாரி செட்டின் பழைய மெக்கானிக் அண்ணனும் அப்பாவும் கூட வந்தார்கள். சக்கரத்தைக் கழற்றியதும் மெக்கானிக் அண்ணன் "போல்ட்டு எங்கீங்க?" என்று தேடினார். லாரியில் ஹப்பிலேயே போல்ட் நீட்டிக்கொண்டு நிற்கும், அதில் சக்கரத்தை மாட்டி நட்டைப் போடுவோம். இதில் ஹப்பில் வெறும் ஓட்டைதான், சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வெளியிலிருந்து போல்ட்டை முறுக்க வேண்டும். அந்த அகலச் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். தனியாக நடு ரோட்டில் நின்றிருந்தால் என் கதி என்ன என்று அப்போதுதான் தோன்றியது. டீக்கடை அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார், பதிலுக்கு இரண்டு பலாப்பழத்தை டிக்கியில் ஏற்றிவிட்டார். 650 லிட்டர் டிக்கி, பலாப்பழ வாசனை போக மூன்று வாரம் ஆனது.

இறக்கத்தில் அப்பா எனக்கு வாத்தியார். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுகிறவர்களின் பாடம். ஆட்டோமேட்டிக்கில் அது எப்படி என்று அவருக்கு ஒரு சந்தேகம். கியர் லிவரை இடது பக்கம் தள்ளி, கையால் மாற்றுகிற முறையில் இரண்டாவதில் நிறுத்திக் காட்டினேன். டீசல் ஆறு சிலிண்டர் இஞ்சின் வண்டியைப் பிடித்து வைத்த பிடியில், வளைவுக்கு வளைவு லேசாகத் தொட்டாலே பிரேக் போதுமாக இருந்தது. காரவள்ளியில் நிறுத்தச் சொல்லி இறங்கி, ரிம்முக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார், குனிந்து மோந்தும் பார்த்தார். கருகல் வாசனை இல்லை. "இஞ்சினுக்கு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். அவரிடமிருந்து அந்த வண்டிக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

அதற்கடுத்த மாதம் 19 அங்குலத்துக்கு மாறினேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எந்தெந்த அளவு டயர் போடலாம், எவ்வளவு காற்று என்று அதில் இருக்கும், அதற்கு வெளியே போகாதீர்கள். 265/50 ஆர்19, நான்கு பக்கமும் ஒரே அளவு. கணக்கைப் பாருங்கள்: 315-இல் முப்பத்தைந்து சதவீதம் என்றால் பக்கவாட்டு ரப்பர் 110 மில்லிமீட்டர், 265-இல் ஐம்பது சதவீதம் 132. வெறும் 22 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் சேந்தமங்கலம் ரோட்டில் என் முதுகுக்கு அது வேறு வண்டி. முன்பு ஒவ்வொரு விரிசலையும் 'டக் டக்' என்று இடுப்புக்குத் தெரிவித்தது, இப்போது ஏர் சஸ்பென்ஷன் என்று ஒன்று இருப்பதே தெரிகிறது. முன்பின் ஒரே அளவு என்பதால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னால் மாற்றிப் போடவும் முடிகிறது. இழந்தது என்ன என்றால், வேகமான நீள வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி திரும்புகிற அந்தக் கூர்மை ஒரு பொட்டு குறைந்திருக்கிறது. அதை உணர்கிற அளவுக்கு நான் வருடத்தில் பத்து நாள் ஓட்டினால் அதிகம்.

தோற்றமும் போனது, மறைக்கவில்லை. மட்கார்டுக்குள் இடைவெளி தெரிகிறது, பக்கத்திலிருந்து பார்த்தால் பெரியவர் சின்னச் செருப்பு போட்ட மாதிரி. முதல் ஒரு வாரம் வண்டியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம், வரிசை இல்லாமல் சொல்கிறேன். ஏர் சஸ்பென்ஷன் வண்டியைப் பகலில் மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ராத்திரி சமதளத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய் நான்கு மூலையும் ஒரே உயரமா என்று விரலால் அளந்து பாருங்கள், ஒரு மூலை உட்கார்ந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிக்குப் புகையைச் சுத்தம் செய்கிற யூரியாக் கரைசலை அதற்கான தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும், தீரப் போகிறபோது இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று எண்ணிக் காட்டும், பூஜ்யம் ஆனபின் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. லாரிக்காரர்களுக்கு இது தினப்படி விஷயம், கார்காரர்கள்தான் முழிக்கிறார்கள். அதேபோல, இந்த வண்டியை வீட்டிலிருந்து முட்டைக் கிடங்குக்கு மூன்று கிலோமீட்டர், திரும்ப மூன்று கிலோமீட்டர் என்று மட்டும் ஓட்டினால் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி சூடாகித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பே கிடைக்காது. நான் வாரம் ஒருமுறையாவது கரூர் வரை ஒரே ஓட்டமாகப் போய்வருகிறேன். தினமும் ஊருக்குள் மட்டும்தான் உங்கள் ஓட்டம் என்றால் டீசலே எடுக்காதீர்கள், பெட்ரோல் பாருங்கள். மைலேஜ் கேட்பீர்கள்: நெடுஞ்சாலையில் எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று, ஊருக்குள் எட்டு, கொல்லிமலை ஏறினால் அதையும் கேட்காதீர்கள்.

போன மாதம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் திருச்செங்கோடு போனபோது அப்பாவே சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டார். மண்டபத்தில் ஒரு மாமா வண்டியைச் சுற்றி வந்து, "வண்டி அம்சமா இருக்குது, சக்கரந்தான் கொஞ்சம் சின்னதாத் தெரியுதுங்க மச்சான்" என்றார். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது அப்படித்தானுங்க" என்றார்.

21 அங்குல அலாய் நான்கும் இன்னும் விற்கவில்லை. கேட்கிறவர்களும் டயர் விலையைச் சொன்னதும் போய்விடுகிறார்கள். செட்டுக்குப் பின்னால் பழைய தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலகை போட்டு, கிளீனர் பையன்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். உயரம் சரியாக இருக்கிறதாம்.